முலுண்ட் பாஸ்

"உனக்காகத்தான் இதெல்லாம்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவன் ஒருவன் பிடுங்கினால் கத்தலாம், ஊரைக் கூட்டலாம். சிரித்த முகத்தோடு பிடுங்குகிறவர்களுக்கு நன்றி வேறு சொல்ல வேண்டியிருக்கிறது.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் பம்பாயின் ஓரத்தில், முலுண்டில் குடியிருந்தோம். இரண்டு அறை, ஒரு சமையலறை, ஆறு பேர். மாமனார், மாமியார், கணவர், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மைத்துனன், ஆறு வயது மகள், நான். ஃபோர்ட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் நான் ஸ்டெனோவாக இருந்தேன். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், ஸ்லோ லோக்கலில் பெண்கள் பெட்டியில் பயணம். காலையில் உட்கார இடம் கிடைக்காது. உட்கார்ந்திருப்பவளிடம் எங்கே இறங்குவாள் என்று கேட்டு, அந்த இடத்துக்குச் சொல்லி வைத்துக்கொண்டு காட்கோபர் வரை நிற்க வேண்டும். மாலையில் வண்டி புறப்படுகிற வி.டி.யிலேயே ஏறுவதால் ஓடிப் போய் ஜன்னலைப் பிடித்துவிடுவேன்.

மாலை வண்டியில் பாதிப் பெண்கள் மடியில் காய்கறியோடு வருவார்கள். பட்டாணி உரிப்பார்கள், வெந்தயக்கீரை ஆய்வார்கள். முலுண்டுக்கு முந்தின ஸ்டேஷனான பாண்டுப் வருவதற்குள் ராத்திரிச் சமையலில் பாதி முடிந்திருக்கும். இந்தச் சமாசாரம் எப்படியோ மாமியார் காதுக்கு எட்டிவிட்டது. மறுநாள் காலையில் ஒரு பையில் கொத்தவரங்காயைப் போட்டு நீட்டினார். "சும்மாதானே உக்காந்துண்டு வரே? நறுக்கிண்டு வந்தா எனக்குச் சித்த ஒத்தாசையா இருக்கும்" என்றார். நாலு நாள் தொடர்ந்து அந்தப் பையை மறந்துவிட்டுப் போனேன். ஐந்தாம் நாள் அவரே விட்டுவிட்டார். கொத்தவரங்காய் விஷயத்தில் எனக்கு ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று அப்போது எனக்கே தெரியாது.

தெரிந்தது ஒரு மழைக்கால சனிக்கிழமையில். அரை நாள் ஆபீஸ். ஒன்றரை மணிக்கு வெளியே வந்து வண்டி ஏறினேன். சயானைத் தாண்டி, குர்லாவுக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டது. தண்டவாளம் தண்ணீருக்குள் போயிருந்தது. அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி என்று ஓடியது. பெட்டியில் ஒரே கூச்சல். ஒருத்தி குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்று அழுதாள். ஒருத்தி சாமி பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூடிய ஜன்னல் பலகை வழியாக என் தோளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த மராட்டிக்காரி திடீரென்று என்னைப் பார்த்து, "தும்கோ கர் நஹீ ஜானா க்யா?" என்று அதட்டினாள். உனக்கு வீட்டுக்குப் போக வேண்டாமா என்கிறாள். எதற்குக் கேட்கிறாள் என்று புரியாமல் விழித்தேன். பிறகுதான் தெரிந்தது, நான் வாய்க்குள் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன். அத்தனை பேர் தவித்துக்கொண்டிருக்கும் இடத்தில், நனைந்த தோளோடு, பசித்த வயிற்றோடு.

வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் வெட்கத்தோடு வெட்கமாக ஒன்று பிடிபட்டது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே எல்லோரும் என்னை என்ன வேண்டும், என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன புடவை, என்ன வரன், வேலைக்குப் போகிறாயா இல்லையா, இன்னொரு குழந்தை எப்போது. நானும் ஏதாவது ஒன்றைச் சொல்லி, அது கிடைத்து, கிடைத்த பிறகும் உள்ளுக்குள் ஏதோ குறைகிற மாதிரியே இருந்தேன். மனசு எப்படி இருந்தால் உனக்கு நன்றாக இருக்கும் என்று யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. வண்டி நின்றுபோன அந்த மூன்றரை மணி நேரத்தில் என்னால் யாருக்கும் எதுவும் செய்ய முடியாது. யாரும் என்னைக் கூப்பிட முடியாது. எனக்கு வேண்டியிருந்தது அந்த விடுபட்ட நிலைதான். தினமும் இரண்டு மணி நேரம் அது எனக்குக் கிடைத்துக்கொண்டும் இருந்தது. கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு போனாலும் அந்த ரயில்தான் என்னைப் பைத்தியம் பிடிக்காமல் வைத்திருந்தது. அந்தக் கொத்தவரங்காயை நான் ஏன் தொடவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது.

வீடு போய்ச் சேர்ந்தபோது வாசலில் எல்லோரும் காத்திருந்தார்கள். மாமியார் துவாலையோடு நின்றார். கணவர் என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார், அதற்கு முன் ஒரு நாளும் அவர் வாங்கியதில்லை.

"பாவம், என்ன பாடு பட்டாளோ!" என்றார் மாமியார்.

"இனிமே நீ இந்த அவஸ்தையே பட வேண்டாம். மாட்டுங்காவுல எடம் பாத்துடலாம்" என்றார் கணவர்.

மாமனார் செய்தித்தாளின் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டார். முலுண்டிலிருந்து வி.டி. எவ்வளவு, மாட்டுங்காவிலிருந்து எவ்வளவு. "போக வர ஒண்ணேகால் மணி நேரம் மிச்சம்!" என்று அறிவித்தார். மிச்சமாகிற நேரம் யாருக்குப் போகும் என்று அந்தக் கணக்கில் இல்லை.

நான் வேண்டாம் என்றேன். ஏன் என்றார்கள். என்ன சொல்வது? எனக்கு ரயில் பிடித்திருக்கிறது என்றா? மகளின் பள்ளிக்கூடம் மாறுமே என்றேன். மாட்டுங்காவில் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இருந்தது. முலுண்டில் காற்று நல்ல காற்று என்றேன். மைத்துனன் சிரித்தான். உண்மையான காரணத்தை வாய்விட்டுச் சொல்லாமல் உப்புப் பெறாத காரணங்களாக எடுத்து வைத்தேன். அந்தக் கோழைத்தனத்துக்காக என் மேல் எனக்கே இன்னும் கோபம் உண்டு. இரண்டு மாதத்தில் மாட்டுங்கா ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வீடு கிடைத்தது. எல்லாம் எனக்காக. கணவரின் ஆபீஸ் தாதரில் நடந்து போகிற தூரத்தில் இருந்ததும், மாமனாரின் பழைய சிநேகிதர்கள் முக்கால்வாசிப் பேர் மாட்டுங்காவில் இருந்ததும் தற்செயல்.

மிச்சமான நேரம் எங்கே போயிற்று என்று சொல்கிறேன். முலுண்டுக்கு எங்களைத் தேடி யாரும் வந்ததில்லை. மாட்டுங்கா எல்லோருக்கும் வழியில் இருந்தது. சந்தையில் காய் வாங்க வந்தவர், கோவிலுக்கு வந்தவர், தாதரில் வண்டி மாற வேண்டியவர், எல்லோரும் "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று படியேறினார்கள். மாமனார் உள்ளே திரும்பி, "காபி!" என்று ஒரு குரல் கொடுப்பார். காபியோடு பஜ்ஜி. பஜ்ஜியோடு சில நாள் சாப்பாடு. ஆறே காலுக்கு நான் வீட்டுக்குள் நுழையும்போதே மாமியார் அடுப்பு முன்னால் வேர்த்து வடிந்துகொண்டிருப்பார். செருப்பைக் கழற்றிய கையோடு நான் மாவு கரைக்க வேண்டும். மைத்துனன் ஷார்ட்ஹாண்ட் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருந்தான். பஜ்ஜி போட்டுக்கொண்டே நான் அவனுக்கு டிக்டேஷன் கொடுப்பேன். மகள் பெருக்கல் வாய்ப்பாட்டு நோட்டோடு இடுப்பில் வந்து இடிப்பாள். குளியலறையில் ஐந்து நிமிஷம் கூட இருந்துவிட்டால் யாராவது கதவைத் தட்டி, "ஏன், உடம்பு சரியில்லையா?" என்பார்கள்.

மூன்று மாதம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் மாலை வண்டி மாட்டுங்காவில் நின்றபோது நான் எழுந்திருக்கவில்லை. திட்டமெல்லாம் போடவில்லை. கால் எழவில்லை, அவ்வளவுதான். சயான், குர்லா, காட்கோபர். என் சீசன் பாஸ் மாட்டுங்கா வரைக்கும்தான்; டிக்கெட் செக்கர் வந்துவிடுவாரோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முலுண்டில் இறங்கி, எதிர்ப் பிளாட்பாரத்தில் திரும்பும் வண்டியைப் பிடித்தேன். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போகிற வண்டியில் கூட்டமே இருக்காது. காலை நீட்டி உட்கார்ந்து, எதைப் பற்றியும் யோசிக்காமல் மாட்டுங்கா வந்து சேர்ந்தேன். அன்றைக்கு ஏழரை மணிக்கு மேல் மாவு கரைத்தபோது எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை.

அடுத்த மாதம் முலுண்ட் வரைக்கும் பாஸ் எடுத்தேன். வீட்டில் ஆபீஸ் வேலை நீண்டுவிட்டது என்று சொன்னேன். பொய்தான். ஆனால் உண்மையைச் சொன்னால் காதில் வாங்கிக்கொள்ள அந்த வீட்டில் யார் இருந்தார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேனா தேடி என் கைப்பையைத் திறந்த கணவர் பாஸை எடுத்துப் பார்த்தார்.

"இன்னும் முலுண்டுக்கா பாஸ் எடுக்கறே?"

"ஆமாம்."

"ஆபீஸ்ல வேலை ஜாஸ்தின்னு சொன்னியே?"

"பொய் சொன்னேன்."

மாமனார் பேப்பரை மடித்து வைத்தார். மைத்துனன் மெதுவாக உள்ளே நழுவினான். கணவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "முலுண்ட்ல யாரைப் பாக்கப் போறே?"

"யாரையும் பாக்காம இருக்கத்தான் போறேன்."

சொல்லிவிட்டேன். ரயிலில் உட்கார்ந்திருப்பது பிடிக்கிறது, அந்த நேரத்தில்தான் நான் நானாக இருக்கிறேன், முலுண்டில் இறங்குவது திரும்புவதற்காகத்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இதே மனிதர் வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் முடிந்து சிநேகிதர்களோடு கேரம் ஆடிவிட்டு வருவார். எங்கே போனாய் என்று ஒரு ஜீவன் கேட்டதில்லை. ஒரு பெண்ணின் கையில் ஒரு மணி நேரம் கணக்கில் வராமல் இருந்தால் மட்டும் அதற்குள் ஓர் ஆண்பிள்ளை ஒளிந்திருக்க வேண்டும்! அதைத் தவிர வேறெதற்கும் அவளுக்கு நேரம் தேவைப்படும் என்று நினைத்துப் பார்க்கக்கூட அவர்களுக்குத் தெரியவில்லை.

"நம்பாட்டா என்கூட வந்து பாருங்கோ" என்றேன்.

பெண்கள் பெட்டியில் கணவர் ஏற முடியாது. மாமியாரை அனுப்புவதென்று தீர்மானமாயிற்று.

மறுநாள் மாலை என் வண்டி வந்தபோது மாட்டுங்கா பிளாட்பாரத்தில் மாமியார் நின்றுகொண்டிருந்தார். நல்ல புடவை, கையில் முலுண்ட் டிக்கெட். ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்தார். சயானில் ஏறினவர்களைப் பார்த்தார், குர்லாவில் ஏறினவர்களைப் பார்த்தார். வேவு பார்க்க வந்தவருக்கு வேலையே இல்லாமல் போயிற்று. காட்கோபரில் கூட்டம் குறைந்தபோது என் பக்கம் குனிந்து, ரகசியம் கேட்பது போல, "இப்போ நான் என்ன பண்ணணும்?" என்றார்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம்மா."

"ஒண்ணுமேயா?"

"ஒண்ணுமே."

அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. பதின்மூன்று வயதில் கல்யாணமாகி வந்தவர். சும்மா உட்கார்வது எப்படி என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. கையை மடியில் வைத்தார், எடுத்தார், தலைப்பை நீவினார். விக்ரோலிக்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார். காற்றில் நெற்றிமயிர் பறந்தது. அவர் அதை ஒதுக்கிக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் இவரையும் என் நேரத்தைத் தின்கிறவர்களோடு சேர்த்தே எண்ணியிருந்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று என்னைப் பளாரென்று அறைந்தது அந்த நேரத்தில்தான்.

முலுண்டில் நான் எழுந்தேன். அவர் எழவில்லை.

"இது இன்னும் போகுமா?"

"தாணா வரைக்கும் போகும்மா. ஆனா உங்க டிக்கெட் இங்கேயோட சரி."

"போகட்டுமே" என்றார்.

நானும் உட்கார்ந்துவிட்டேன். தாணா போய்த் திரும்பி வீட்டுப் படியேறும்போது மணி எட்டு. கதவைத் திறந்த கணவர் என்னைத் தாண்டி அம்மாவைப் பார்த்தார்.

"என்னம்மா ஆச்சு? யாரு வந்தா?"

"யாரும் வரலை. சும்மா உக்காந்துண்டு வரா."

"சும்மா உக்கார ஆத்துல எடமில்லையா?"

மாமியார் கூடத்தைப் பார்த்தார். சாய்வு நாற்காலியில் மாமனார், கட்டிலில் படுத்தபடி மைத்துனன், கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மகன்.

"இல்லேடா" என்றார்.

அதற்குப் பிறகு என் பாஸைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அன்றைக்கு ஆறரை மணியிலிருந்து வீட்டில் இருந்த மூன்று ஆண்களில் ஒருவருக்குக்கூட ஒரு பிடி அரிசியைக் களைந்து அடுப்பில் வைக்கத் தோன்றியிருக்கவில்லை. பசிக்கிறது என்று என் மகள் மூலையில் சிணுங்கிக்கொண்டிருந்தாள். மாமியார் நல்ல புடவையைக்கூட மாற்றாமல் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் போனார்.