பயிற்சிச் சோறு போட்ட மைதீன் மாமா

மைதீன் மாமா தவறிவிட்ட செய்தி வந்தபோது நான் என் பிரவுசிங் சென்டரின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். அவருடைய மருமகன் போனில் சொன்னார்: "அண்ணே, மாமா விடியக்காலம் தவறிட்டாக. மத்தியானத் தொழுகைக்குப் பெறகு அடக்கம்." ஷட்டரை ஏற்றுவதா இறக்குவதா என்று தெரியாமல் அப்படியே நின்றேன். விடிந்ததும் விடியாததுமாகக் கடை திறக்கும் பழக்கம் அவர் ஒருவருக்காக வந்ததுதான்.

கம்பம் மார்க்கெட்டில் அவரை அறியாதவர்கள் இல்லை. சுருளிப்பட்டி ரோட்டில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தவர், பேரம் பேசும்போதே பாதிப் பழத்தைத் தின்னக் கொடுத்துவிடுகிறவர் என்று உங்களுக்குத் தெரியும். அவர் ஒரு பேஸ்பால் ரசிகர் என்பதும் தெரியும். அது என்ன ஆட்டம் என்று மட்டும் நம்மில் ஒருவருக்கும் கடைசிவரை சரியாகத் தெரியாது. தெருவுக்கு நாலு கிரிக்கெட் நடக்கிற ஊரில் ஒரு மனிதர் தனியாக ஒரு விளையாட்டுக்கு உயிரை விட்டார்.

சவுதியில் ஒரு அமெரிக்க கம்பெனியின் கிடங்கில் பல வருஷம் இருந்தவர் அவர். அங்கே மேலதிகாரியாக இருந்த வெள்ளைக்காரர் வெள்ளிக்கிழமைகளில் மணலில் கோடு கிழித்து பேஸ்பால் ஆடுவாராம். ஆள் குறைந்த ஒரு நாளில் மாமாவையும் நிறுத்தினார். அந்த அதிகாரியின் சொந்த ஊர் அணிதான் மாமாவின் அணியும் ஆனது. மாமா பிறப்பதற்கு முன்பிருந்தே கோப்பையைத் தொடாத அணி. "வேற நல்ல டீம் பாத்திருக்கக் கூடாதா மாமா?" என்று ஒருமுறை கேட்டேன். "மாமன் மகளக் கட்டுனா மார்க்கு பாத்தா கட்டுவாக?" என்றார். கண் பட்டுவிடும் என்று அணியின் பெயரை வெளியே சொல்லமாட்டார். "நம்ம ஆளுக" என்பார், அவ்வளவுதான். அதனால் நானும் இங்கே எழுதவில்லை.

ஊர் திரும்பிய பிறகு முதலில் சிற்றலை ரேடியோ. நான் கடை போட்டதும் என்னிடம் வந்துவிட்டார். அமெரிக்காவில் சாயங்காலம் தொடங்கும் ஆட்டம் இங்கே விடிகாலை. சுபுஹு தொழுகை முடித்து நேராக வருவார். அன்றைய நெட்டில் படமெல்லாம் ஓடாது, எழுத்து மட்டும்தான் வரும். பந்து போட்டான், விட்டுவிட்டான், அடித்தான் என்று வரி வரியாக. "ரெஃப்ரெஷ் அடி மாப்ள" என்பார். அடுத்த வரி வருவதற்குள் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். திரையில் ஒன்றுமே இருக்காது, ஆனால் அவர் எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். அது என்னவென்று தெரிந்துகொள்ளத்தான் நானும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன் என்று நினைக்கிறேன்.

பங்குனி கடைசியில் அவர்களுக்குப் புது சீசன் பிறக்கும். அந்த நாட்களில் மாமாவிடம் பேசவே முடியாது. தோட்டத்தில் கவாத்து முடிந்து கொடி மொட்டையாக நிற்கும்போது, கொத்து விழுமா விழாதா என்று பந்தலை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பார் இல்லையா, அதே முகம். "இன்னைக்கு எல்லாரும் சைபர் மாப்ள. ஜெயிச்சவனும் சைபர், நம்ம ஆளும் சைபர். இந்த ஒரு நாளு நம்மள ஒருத்தன் கொறச்சுப் பேச முடியாதுல்ல?"

நேர்ச்சைக் கதையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நம்ம ஆளுக சீசன் தொடக்கத்தில் ஒரு வாரம் தோற்காமல் ஆடினால் மார்க்கெட்டுக்கே நெய்ச்சோறு என்று வேண்டியிருந்தார். ஒரு மாசி மாதம் மகளின் பிரசவத்துக்காக மதுரையில் தங்க வேண்டி வந்தது. "முடிவ மட்டும் வாசப் போர்டுல எழுதி வையி, வந்து பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதினேன். ஒரு வாரம் முழுக்க வெற்றி. எல்லாம் சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள், கணக்கில் சேராது. அது எனக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும். மார்க்கெட்டுக்கு எப்படித் தெரியும்? மாமா பஸ்ஸை விட்டு இறங்கும்போது கமிஷன் கடை ராசு மாலையோடு நின்றான்.

"அது பயிற்சிய்யா. சும்மா ஆடிப் பாக்குறது."

"ஜெயிச்சது ஜெயிச்சதுதான பாய்? நேர்ச்சையில பயிற்சி, பந்தயம்னு பிரிச்சா சொன்னீக?"

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டார். கடமை இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். மாமா வெளியே வந்து மார்க்கெட்டை ஒரு பார்வை பார்த்தார். சுமை தூக்குகிறவர்கள் உட்பட எல்லோரும் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மறுநாள் தோட்டத்தில் அண்டா ஏறியது. பரிமாறும்போது ஒவ்வொருவரிடமும் சொன்னார்: "இது பயிற்சிச் சோறு. ஆட்டச் சோறு இனிமேத்தான் இருக்கு, பாத்துக்கிருங்க." அதன் பிறகு வந்த பங்குனிகளில் அந்த ஆட்டச் சோறு வெந்ததே இல்லை.

இந்த வருஷம் சீசன் பிறப்பதற்குச் சற்று முன்பு மதுரை டாக்டர் சொல்லிவிட்டார், மாமா உடம்பு மழைக்காலம் வரை தாங்காது என்று. நம் ஆட்டம் ஐப்பசி வரை நடக்கும். முடிவைப் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் மருமகன் பைக்கில் ஏறி முதல் ஆட்டத்துக்கு வந்தார். நம்ம ஆளுக செம அடி வாங்கினார்கள். எனக்குத்தான் ஆத்திரம் வந்தது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். "நேர்ச்சைய மாத்திக்கிறேன். மொத வாரம்னு எதுக்கு? எந்த வாரமா இருந்தாலும் சரி."

பிறகு படுத்துவிட்டார். கடையில் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சொல்வது என் வேலை ஆனது. சுபைதா மாமிக்கு இந்த ஆட்டமே ஆகாது. "மொகந்தெரியாதவன் தோத்ததுக்கு இங்கன ஒரு மனுசன் சாப்பிடாம கெடக்குறாக" என்பார். சித்திரையில் ஒரு வாரம் நம்ம ஆளுக ஜெயிக்கத் தொடங்கினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று போனது. மாமா தலையணையில் சாய்ந்து உட்காரத் தொடங்கினார். அரிசி சொல்லிவைக்கும்படி மருமகனிடம் பேசினார். ஏழாவது நாள் விடிகாலை, கடைசி வரி வரும்வரை நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். தோற்றார்கள்.

வீடு வரை பொய்யோடுதான் நடந்தேன். அவருக்கு யார் போய்ச் சொல்லப்போகிறார்கள்? ஒரு அண்டா சோறு வெந்தால் அவர் கண் நிறையும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரல் வந்தது: "தோத்துட்டாகளா?" கழற்றிய செருப்பை ஓரமாக நகர்த்தி வைத்தேன். "சொல்லிரு மாப்ள. நீ கூட்டிச் சொன்னா நான் இத்தன வருசம் பாத்தது ஆட்டமே இல்லன்னு ஆயிரும்." சொன்னேன். சாய்ந்திருந்த தலையணையை இறக்கிப் படுத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "நாளைக்கு நம்ம பக்கம் பந்து போடுறது யாரு?"

வைகாசியில் போய்விட்டார். வெறும் திரையில் அவர் எதைப் பார்த்தார் என்று நான் தேடிக்கொண்டிருந்தது அந்தக் கேள்வியில்தான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவரை நினைத்தால் அழுகை வருகிறது, அதை மட்டும் தெளிவாகச் சொல்ல முடியும்.

அடக்கம் முடிந்த சில நாளில் துக்கம் கேட்கப் போனேன். மாமி இத்தாவில் இருக்கிறார். கணவரை இழந்தவர் நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்களைப் பார்க்காமல் வீட்டுக்குள் இருக்கும் காலம் அது. மகள் மட்டும் வந்து காப்பி கொடுத்தாள். கிளம்பும்போது தயங்கினாள். "அண்ணே, அம்மா ஒண்ணு கேக்கச் சொன்னாக. இன்னைக்கு என்னாச்சாம்?"

அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது தோற்கிற ஓர் அணியும், தோற்றதைத் தோற்றது என்று சொல்லும் வேலையும்தான். அன்று காலையும் பழக்கதோஷத்தில் பார்த்திருந்தேன். உள்ளே கேட்கும்படியாகவே சொன்னேன்: "தோத்துட்டாக மாமி."

திரைக்குப் பின்னால் வளையல் இல்லாத கை எதையோ நகர்த்தும் சத்தம். பிறகு மாமியின் குரல், நேராக என்னிடமே:

"சரி. நாளையிலேருந்து ஏழு நாளு எண்ணு."