நிமிர்ந்து பார்த்த மணப்பெண்கள்

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் இருபது மணப்பெண்களுக்குக் கண் வைத்தேன். ஒவ்வொருத்தியும் என் கை நடுவிரல் உயரம்தான். விருத்தாசலத்தில் ஒரு சின்னப் பீங்கான் பட்டறையில் அம்மா பொம்மைகளுக்கு முகம் எழுதிக்கொண்டிருந்தாள். புருவம், கண், உதடு எல்லாம் அவள் பொறுப்பு. அப்பா லாரியோடு பாதி மாதம் வெளியூரில் இருப்பார். பள்ளி இல்லாத சனிக்கிழமைகளில் என்னை வீட்டில் தனியாக விடப் பயந்து அம்மா பட்டறைக்குக் கூட்டிப் போவாள்.

பள்ளிப் பிள்ளைகள் இங்கே வேலையில் கை வைக்கக் கூடாது என்று வாசல் கதவில் எழுதி ஒட்டியிருந்தது. அதை நான் பலமுறை வாய்விட்டுப் படித்திருக்கிறேன். நான் செய்வது வேலை என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

காது உடைந்தது, மூக்கு மழுங்கியது என்று கழித்துப் போட்ட பொம்மைகளை அம்மா என் பக்கம் தள்ளுவாள். பாடம் என்று பெரிதாக ஒன்றும் நடத்த மாட்டாள். "மூச்சப் புடிச்சிக்க பாப்பா. மூக்குப் பக்கத்துலேருந்து இழு. நடுவுல நிக்காத" என்பாள், அவ்வளவுதான். கோடு கோணலாகிவிட்டால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அதே தலையைத் திரும்ப என் கையில் கொடுப்பாள். மூன்று மாதத்தில் என் கோடு நிற்க ஆரம்பித்தது.

நவராத்திரிக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. வெளியூர்க் கடைக்கு மாப்பிள்ளை பெண் ஜோடிகள் போக வேண்டும். காலையிலிருந்து எழுதியதில் அம்மாவின் விரல்கள் மடங்கவில்லை. இருபது மணப்பெண்களை என் முன்னால் வைத்து, "மேல் இமை மட்டும் போடு. கருவிழிய நான் வந்து வக்கிறேன்" என்றாள். அதற்குள் சூளை அடுக்க ஆள் போதவில்லை என்று கூப்பிட, எழுந்து போய்விட்டாள்.

இமைகளைப் போட்டு முடித்தேன். அவள் வரவில்லை.

போன வாரம்தான் நல்லூரில் சித்திக்குக் கல்யாணம் நடந்திருந்தது. மேடையில் சித்தி எப்போது தலையைத் தூக்கினாலும் யாராவது ஒருத்தர் குனியச் சொன்னார்கள். அவளுக்காகத்தான் மேளம், பந்தல் எல்லாம். அவளோ தன் காலையும் தட்டையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா எழுதும் மணப்பெண்களும் அப்படித்தான். கருவிழி பாதி கீழே இறங்கியிருக்கும். நான் தூரிகையை எடுத்து இருபது பேருக்கும் நட்டநடுவில், வட்டமாக, நேரே பார்க்கும்படி கருவிழி வைத்தேன்.

முகம் முடிந்துவிட்டது என்று நினைத்து, பளபளப்புக் குழம்பில் முக்கும் அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். சுடுகிற வரைக்கும் அந்தக் குழம்பு மாவு பூசியதுபோல் பொம்மையை மூடியிருக்கும். உள்ளே எழுதியது எதுவும் தெரியாது. அம்மா திரும்பி வந்தபோது வெள்ளை வெளேரென்று இருபது உருவங்கள்தான் இருந்தன.

"கருவிழி?"

"நானே வச்சிட்டேன்மா."

"எப்படி வச்ச?"

"நீ வக்கிற மாதிரிதான்."

அம்மா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு தட்டைச் சூளைக்கு அனுப்பினாள்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் பையோடு பட்டறைக்கு ஓடினேன். சூளை திறந்து பொம்மைகளைப் பலகையில் வரிசையாக வைத்திருந்தார்கள். மாப்பிள்ளைகள் அடக்கமாக நிற்க, இருபது மணப்பெண்களும் எதிரில் வருகிறவர்களை முறைத்துப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். முதலாளி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரும்மா இது எழுதுனது?"

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் தோளில் அழுந்தியது.

"நாந்தாங்க. அவசரத்துல கவனிக்காம வச்சிட்டேன்."

"இத எப்படிம்மா கடைக்கு அனுப்பறது? சண்டைக்கு வர்ற மாதிரி பாக்குதுங்க."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். முதலாளி கத்துகிற ஆள் இல்லை. மறுநாள் முகம் எழுத வேறொருத்தியை உட்கார வைத்தார். அம்மாவை அகல் விளக்குகளுக்கு விளிம்பு தேய்க்க அனுப்பினார். கார்த்திகை வரைக்கும் அவள் அதைத்தான் செய்தாள். உப்புத்தாள் பட்டு விரல் நுனிகள் வெடித்தன. பிறகு அவரே கூப்பிட்டுத் தூரிகையைத் திருப்பிக் கொடுத்தார் என்பது வேறு விஷயம்.

எனக்கு அம்மா மேல் ஆத்திரம் ஆறவில்லை. என் மணப்பெண்களைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டாள். கதவில் ஒட்டியிருந்ததற்கும் அவள் சொன்ன பொய்க்கும் ஏதோ சம்பந்தம் இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே உடைந்த பீங்கான் தட்டு ஒன்றைத் தந்து, "கீழ பாக்குற கண்ணு அம்பது போடு" என்றாள். பேசாமல் போட்டுக் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வேப்பூரில் லாரியை நிறுத்திவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார். அவர் சட்டையைக் கழற்றுவதற்குள் புகாரைக் கொட்டினேன்.

"அம்மா பொய் சொல்லிடுச்சுப்பா. நான் எழுதுனத அது எழுதுனதா சொல்லிடுச்சு."

அப்பா முழுவதையும் கேட்டார். "உங்கம்மா இத்தன வருஷத்துல ஒரு கண்ணுகூடத் தப்பா வச்சதில்ல, தெரியுமா?" என்றார்.

"இப்ப வச்சிடுச்சே. அதுவே முதலாளிகிட்ட ஒத்துக்கிச்சு."

அப்பா அடுப்படிப் பக்கம் பார்த்தார். அம்மா தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவில்லை. அப்பா கை கழுவிவிட்டு என் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தார். வழக்கில் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, இன்னொரு தோசை கேட்டேன்.