மகஜரில் வராத பிச்சி மொட்டு

தோவாளைப் பக்கத்தில் கிராம உதவியாளராகக் குளோரிக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். போலீஸ் எங்கே எதைக் கைப்பற்றினாலும், அதை எழுதிவைக்கும் மகஜரில் சாட்சிக் கையெழுத்து அவளுடையதுதான். வாசித்துப் பார்ப்பாளா? எங்கே! அடுப்பில் சோறு கிடக்கும். ஒரு கிறுக்குக் கிறுக்கிவிட்டு ஓடிவிடுவாள்.

பிரதீஷ் கேசிலும் அப்படித்தான். அவன் பூச்சந்தையில் லோடு தூக்குகிறவன். ஓமனா டீச்சரின் சங்கிலியைத் திருடினான் என்று ஒரு செவ்வாய்க்கிழமை பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் மத்தியானம், அவனே சொன்ன இடம் என்று அவன் வீட்டு வாழைமரத்தடியைத் தோண்டிச் சங்கிலியை எடுத்தபோது குளோரி பக்கத்தில்தான் நின்றாள்.

இரண்டு வருஷம் கழித்துக் குளோரி கோர்ட்டில் சாட்சிக் கூண்டேறினாள். திருடியதாகப் பிரதீஷ் ஸ்டேஷனில் சொன்னதை அரசு வக்கீல் வாசிக்கப் போக, நீதிபதி கையமர்த்தினார். போலீஸிடம் சொன்ன குற்ற ஒப்புதல் செல்லாதாம். அவன் இடத்தைச் சொல்லி, அதனாலேயே பொருள் கிடைத்திருந்தால், அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்வார்களாம். அடேயப்பா! அந்தக் காகிதக் கத்தை ஒன்றுக்கும் உதவாது, குழிதான் எல்லாம் என்று தெரிந்ததும் குளோரி நிமிர்ந்து நின்றாள். குழிக்குச் சாட்சி அவளல்லவா!

"குழியில என்ன கிடந்துது?" என்று கேட்டார் பிரதீஷின் வக்கீல் ஷைஜா.

"பூ பொதியுற ஈரத்துணி. உள்ள சங்கிலி. கூட நாலஞ்சு பிச்சி மொட்டு, வெள்ளவெளேர்னு..."

சொல்லும்போதே நாக்கு நின்றுவிட்டது. பூ கட்டி வளர்ந்த வீட்டுப் பெண் அவள்.

"சொல்லுங்கம்மா," என்றார் நீதிபதி.

"ஐயா, ஈரத்துணியில பொதிஞ்சாலும் பிச்சி ஒரு நாளுல கறுத்துப்போவும். அது அன்னைக்கு காலத்த பறிச்ச மொட்டாக்கும். இவன முந்தின நாளே பிடிச்சாச்சே! பின்ன எப்பிடி இவன் குழிச்சு வச்சிருப்பான்?"

அவள் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் தட்டச்சு செய்யவைத்து, வாசித்துக் காட்டி, "சரிதானா?" என்று கேட்டார் நீதிபதி. தன் வாய்ச்சொல்லுக்கு இத்தனை மரியாதையா என்று குளோரிக்குக் கண் நிறைந்தது. முதல் தடவையாக முழுசும் வாசித்துக் கையெழுத்துப் போட்டாள்.

அந்தச் சங்கிலி கிடைத்த விதத்தை நம்ப முடியாது, வேறு சாட்சியமும் இல்லை என்று பிரதீஷை விடுதலை செய்தார்கள். தீர்ப்பு நாளில் அவன் கோர்ட் வாசலில் குளோரிக்காகக் காத்து நின்றான்.

"அக்கா, ரெண்டு வருஷமா ஒருத்தரும் என்னைய லோடுக்குக் கூப்பிடல்ல. அந்த மொட்ட அன்னைக்கே பாத்தீங்க இல்லியா?"

"பாத்தேன் மக்கா," என்றாள் குளோரி. "யாரும் கேக்கல்ல. நானும் சொல்லல்ல."