விண்கப்பலுக்கு ஒரு வார்டன்

மூன்றாவது அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறார் சாமியாத்தாள். "என்ன சாமி, மூஞ்சி வாடிக் கெடக்குது? உண்டயா இல்லயா?" உள்ளே இருப்பவருக்கு நீலத் தோல், நான்கு கைகள். நட்சத்திரங்களுக்கு நடுவே போகிற ஒரு விண்கப்பலின் இன்ஜினியர் அவர். கேட்டது அவர் காதில் விழாது. திரையின் அடியில் வரும் மூன்று வசனங்களில் ஒன்றைப் பொத்தான் அழுத்தித் தேர்ந்தெடுத்தால்தான் பேச்சு நகரும். இது சாமியாத்தாளுக்கும் தெரியும். ஆனாலும் கேட்காமல் இருக்க அவரால் முடியாது.

மைசூரு சரஸ்வதிபுரத்தில் நாங்கள் இருபத்திரண்டு பெண்கள் தங்கியிருக்கும் விடுதிக்கு இவர்தான் வார்டன். வயது ஐம்பத்திரண்டு, ஊர் தமிழக எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம். இடுப்பில் சாவிக்கொத்து, கக்கத்தில் ரிஜிஸ்டர். யார் அறையைக் காலி செய்தாலும் கூட்டிப் போகிறவர் அதில் 'கார்டியன்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முப்பது வயதுக்காரியாக இருந்தாலும் விட மாட்டார். "நீ பெரிய மனுசிதான் கண்ணு. உன்ன ஆரு கைல ஒப்படைச்சேன்னு எனக்குத் தெரியோணும்ல?"

இந்த வீடியோ கேம் எங்களில் ஒருத்தியான ஜீவிதாவுடையது. அவளுக்கு மாலை ஷிப்ட் என்பதால் மதியத்தில் ஹால் டிவியில் மாட்டி ஆடுவாள். சத்தம் தாங்காமல் திட்ட வந்த சாமியாத்தாள், கப்பலுக்குக் கேப்டன் ஆடுகிறவர்தான் என்று தெரிந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கேப்டனின் முகத்தை உருவாக்க மட்டும் நான்கு மதியங்கள் ஆயின. மூக்குக்கே ஒரு நாள். பொட்டு வைக்க வழியில்லாததில் இன்னும் மனக்குறைதான்.

ஆங்கில வசனங்களை ஜீவிதா பாதித் தமிழிலும் பாதிக் கன்னடத்திலும் சொல்லுவாள். சுடுவதா, மிரட்டுவதா, விசாரிப்பதா என்று வந்தால் சாமியாத்தாள் விசாரிப்பார். "சுடறது எப்ப வேண்ணாலும் சுட்டுக்கலாம். என்ன ஏதுன்னு கேக்கோணும்ல?" இப்படி விசாரித்தே ஒரு கொள்ளைக்காரனை அவன் அம்மா கதையைச் சொல்ல வைத்து, துப்பாக்கியையும் கீழே போட வைத்திருக்கிறார்.

ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் கப்பலின் ஐந்து அறைகளுக்கும் ஒரு ரவுண்டு உண்டு. ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் ஐந்து பேரின் பெயர்களும் கன்னட எழுத்தில் இருக்கின்றன. உயிரோடு திரும்பினால் ஒரு டிக். இந்த ஆட்டத்தில் கப்பல் ஆட்களோடு பேசப் பேசத்தான் அவர்கள் தங்கள் கதையைச் சொல்லுவார்கள், நம்புவார்கள், நம்பினால்தான் பிழைப்பார்கள். பேச்சையெல்லாம் தாண்டிக் குதித்து ஆடிய ஜீவிதா முதல் முறை மூன்று பேரைப் பறிகொடுத்தாள். சாமியாத்தாளை ஐந்து பேரும் முழுசாக நம்பினார்கள். "ஆண்ட்டி சூப்பர் பிளேயர்டி," என்று ஜீவிதா என்னிடம் சொன்னபோது கொஞ்சம் பொறாமை தெரிந்தது.

அப்புறம் வந்தது அந்தக் கதவு. எதிரியின் கோட்டை வெடிக்கப் போகிறது. யாராவது ஒருவர் உள்ளே நின்று கதவைப் பிடித்துக்கொண்டால்தான் மற்றவர்கள் தப்பலாம். நிற்பது நாலுகை இன்ஜினியரா, கப்பலை ஓட்டுகிற ஒரா என்ற வாயாடிப் பெண்ணா?

"ரெண்டுல ஒண்ணு செலக்ட் மாடலேபேகு ஆண்ட்டி, பண்ணியே ஆகணும். வேற ஆப்ஷன் இல்ல," என்றாள் ஜீவிதா.

"புள்ளைய உள்ள வெச்சுப் பூட்டிட்டு வர்ற வார்டன் எந்த ஊர்ல இருக்கறா?" என்றவர், ஆட்டத்தை நிறுத்திவிட்டு பீன்ஸ் நறுக்கப் போய்விட்டார்.

பதினோரு நாட்கள் கதவு அப்படியே நின்றது. இதற்குள் ஜீவிதாவுக்குப் புனேயில் வேலை கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள், கேமும் கூடவே போகிறது. அதற்குள் யாரை விடுவதென்று முடிவு செய்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாமியாத்தாள் பூக் கேட்டார். கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, அவர் வீட்டார் பூக் கேட்காமல் இறங்க மாட்டார்களாம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன் போட்டு ஒன்றை எடுக்க, வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் கூடாது. ஆபீஸ் அறை மாரியம்மன் படத்தின் முன்னால் எடுக்கிற வேலை எனக்கு வந்தது. "நாலுகையன விட்டுட்டு வரலாமா தாயே?" எடுத்தேன், சிவப்பு. புதிதாக இரண்டு பொட்டலங்கள் வைத்தார். "ஒராவ விட்டுட்டு வரலாமா?" அதுவும் சிவப்பு.

"அம்மா வேண்டாங்கறா. நா என்ன பண்ணட்டும்?" அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அவர் சமையலறைக்குப் போனதும், நான் எடுக்காமல் விட்ட இரண்டு பொட்டலங்களையும் பிரித்தேன். அவற்றிலும் செவ்வரளிதான். அம்மனுக்கே அவர் வேறு வழி வைக்கவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கும் ஒராவைப் பிடிக்கும்.

ஞாயிறு காலை வாசலில் கார் நின்றது. ஜீவிதாவின் அப்பா ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். "கடைசியா ஒருக்கா போடு கண்ணு," என்றார் சாமியாத்தாள். கதவுக்குப் போவதற்கு முன்னால் சேமித்து வைத்திருந்த இடத்திலிருந்து ஜீவிதா ஆட்டத்தைத் தொடங்கிக் கொடுத்தாள். ஐந்து பேரும் அவரவர் அறையில் இருந்தார்கள். சாமியாத்தாள் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பேசினார். ஒராவின் அறையில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம். பிறகு அவரே டிவியை அணைத்தார்.

"முடிக்கலயே ஆண்ட்டி," என்றாள் ஜீவிதா, வயர்களைச் சுருட்டியபடி.

சாமியாத்தாள் ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி மேசைமேல் வைத்தார். ஐந்து பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் டிக்குகள். எதிரே ஸ்கேல் வைத்துப் புதிதாகக் கோடு போட்ட ஐந்து காலிக் கட்டங்கள், மேலே 'கார்டியன்' என்று எழுதியிருந்தது.

ஜீவிதா சிரித்தாள். சாமியாத்தாள் சிரிக்கவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.