வாசிக்காத சடங்கு வாழ்த்து

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும், வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் எங்கள் சமூக வானொலிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியை என் தலையில் கட்டினார்களோ என்னவோ. வாரநாளில் நான் கணக்கு டீச்சர். ஞாயிறு காலையில் கொட்டகலை பஜாரில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையின் மாடியேறி, சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறைக்குள் உட்கார்ந்து, மலையகத்து மக்களோடு நியாயம் பேசுவேன். கீழே கடை வைத்திருக்கும் அண்ணன்தான் மேலே ஒலி மேசையையும் பார்ப்பார். மழை வலுத்தால் தகரக் கூரைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்காது.

நாங்கள் பேசாத விஷயம் கிடையாது. டவுனில் படித்த தமிழர்களே நம்மைத் ‘தோட்டக்காட்டான்’ என்று சொல்வதைப் பேசினோம். அலுவலகங்களில் சிங்களத்தில் எழுதியதை வாசித்துக் காட்டாமலே நம் ஆட்களிடம் கையெழுத்து வாங்குவதைப் பேசினோம். ஒருநாள் பக்கத்துக் கிராமத்திலிருந்து தேயிலைக் கொழுந்து பறிக்க வரும் சிங்கள அக்கா ஒருவர் போன் போட்டு, பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாக, “மலையில பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் இல்லை, அது தமிழ் சிங்களம் எல்லாருக்கும் ஒண்ணுதானே” என்றார். அடுத்து வந்த ஆண் குரல், “இது தமிழ் ரேடியோ, அந்த அம்மாவுக்கு இங்க என்ன வேலை?” என்று கேட்டது. நான் கொடுத்த கொடுப்பில் மனிதர் போனை வைத்துவிட்டார். அன்றைக்கு எனக்கு ரொம்பப் பெருமை.

ஆனால் அந்த நிகழ்ச்சிக்கு முன்னால் அரை மணி நேரம் வாழ்த்து நேரம். அதையும் நானே வாசிக்க வேண்டும். பிறந்தநாள், கல்யாணம், புதுவீடு, அப்புறம் சடங்கு. ஒரு பெண்பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், பிள்ளையின் பெயர், படிக்கும் பள்ளிக்கூடம், சீர் கொண்டுவரும் தாய்மாமன்மார் என்று வரிசையாக வாசித்து, ‘பூப்புனித நீராட்டு விழா காணும் செல்வியை வாழ்த்துகிறோம்’ என்று முடிக்க வேண்டும். சின்ன மாமா பெயர் பெரிய மாமா பெயருக்கு முன்னால் வந்துவிட்டால் மறுநாள் மாடிப்படியில் சண்டை. இதை வாசித்து முடித்து, ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, உடனே பெண்ணுரிமை பேசுவேன். எனக்கு அது ஒன்றும் உறுத்தவில்லை. ஊரோடு ஒத்த வழக்கம்தானே என்று இருந்துவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு நிலையத்துக்குப் போயிருந்தேன். போன் அடித்தது. எடுத்தால் சின்னப் பிள்ளையின் குரல், குசுகுசுவென்று.

“டீச்சர், ஞாயித்துக்கிழமை வாசிக்கிற வாழ்த்துல என் பேர் இருக்கு. அதை வாசிக்காதீங்க டீச்சர்.”

யார், எந்தத் தோட்டம் என்று கேட்டேன். சொன்னாள். அவள் அப்பா கொண்டுவந்து கொடுத்த வாழ்த்து என் மேசையிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சடங்கு. அதுவரை லயம் என்கிற தோட்டத்து வரிசைவீட்டு அறையின் மூலையில் சேலையைக் கட்டி மறைத்து அவளை உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தச் சேலைக்குப் பின்னால் இருந்துதான் பேசினாள்.

“ஏன்மா, எல்லாருக்கும் வாசிக்கிறதுதானே?”

“எங்க தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும், அது பரவாயில்ல டீச்சர். திங்கக்கிழமை காலையில வாழ்த்து, பேச்சு எல்லாத்தையும் திருப்பிப் போடுவீங்கல்ல. நாங்க பள்ளிக்கூடம் போற பஸ்ல உங்க ரேடியோதான் ஓடும். போன மாசம் ஒரு அக்காவுக்கு வாசிச்சீங்க. பையன்க அதை அப்படியே உங்க குரல்லயே சொல்லுவாங்க. அந்த அக்கா ஏறுறப்பல்லாம் சொல்லுவாங்க. கண்டக்டரும் சிரிப்பாரு. இப்ப அந்த அக்கா பஸ்ல வர்றதே இல்ல.”

அந்தப் பையன்களைக் காதைப் பிடித்துத் திருக வேண்டும் போல் இருந்தது. என் குரலில் என்றாளே, அதுதான் தாங்க முடியவில்லை.

“அப்பாகிட்ட நீயே சொல்லலாமே. அடிப்பாரா?”

“அடிக்க மாட்டாரு டீச்சர். மூஞ்சி தொங்கிப் போயிரும். அதைப் பார்க்க எனக்கு ஏலாது. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. சத்தியமா சொல்லிராதீங்க.”

சொல்லமாட்டேன் என்றேன். வாசிக்கவும் மாட்டேன் என்றேன். சொல்லும்போது அது ஒரு பெரிய காரியமாகவே தெரியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. சடங்குச் சாமான் வாங்க பஜாருக்கு வந்த அந்தக் குடும்பம், மாமன்மார் பெயர் வரிசை சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் போக மாடியேறி வந்தது. அப்பா, தாய்மாமன், பின்னால் வாசலோரம் வாழைப்பழச் சீப்பு இருந்த பையைப் பிடித்தபடி அம்மா. அப்பா வாயெல்லாம் பல்லாக இருந்தார்.

“டீச்சர், நாளைக்கு மண்டபத்துல ரேடியோவ ஸ்பீக்கர்ல போடப்போறோம். வந்திருக்கிற சனம் பூரா உங்க வாயால கேட்கணும். கொஞ்சம் நிறுத்தி வாசிங்க, என்ன?”

நான், இனிமேல் சடங்கு வாழ்த்து வாசிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன் என்றேன். பெண்பிள்ளைகளின் சொந்த விஷயம், ஊருக்கெல்லாம் சொல்லத் தேவையில்லை என்று பிரசங்கம் வேறு செய்தேன். கேட்கக் கேட்க அவர் சிரிப்பு வற்றிப் போயிற்று. மாமன்காரர்தான் முதலில் பாய்ந்தார். “இது எங்க வழக்கம். அதுல கையை வைக்க நீங்க யாரு?” அவரைச் சமாளித்துவிட்டேன். எனக்கு வாய் இருக்கிறது. பிறகு அப்பா மெதுவாகக் கேட்டார்.

“போன மாசம் பஜார் புடவைக்கடை முதலாளி மகளுக்கு வாசிச்சது உங்க வாய்தானே டீச்சர்?”

“ஆமாங்க.”

“அப்ப இல்லாத சட்டம், எங்க முறை வர்றப்ப மட்டும் எங்கேருந்து வருது?”

ஒலி மேசைக்காரர் வேறு எங்கோ பார்த்தார்.

“மண்சரிவுன்னாத்தான் எங்க தோட்டத்துப் பேர் ரேடியோவுல வரும். குளவி கொட்டி ஆள் செத்தாத்தான் வரும். ஒரு நல்ல காரியத்துக்கு, ஒரே ஒரு தரம், எங்க தோட்டத்துப் பேரை நாங்க கேட்கக் கூடாதா? நீங்களும் லயத்துல பொறந்தவங்கதானே?”

நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்டுவிட்டார். அதில் ஒரு சொல்லைக்கூடப் பொய்யென்று தள்ள முடியாது. நானே மைக்கில் எத்தனையோ தரம் சொன்ன பேச்சுதான் அது. ‘உங்கள் மகள்தான் வேண்டாம் என்கிறாள்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் நல்லவளாகிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டு, “மன்னிச்சிக்குங்க, வாசிக்க முடியாது” என்றேன். அவர் படியிறங்கினார். அந்த அம்மா என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனார். போன பிறகு ஒலி மேசை அண்ணன், “வாசிச்சிட்டுப் போயிருக்கலாம் டீச்சர், ஏன் வம்பு?” என்றார். அவருக்கும் நான் காரணம் சொல்லவில்லை.

ஞாயிறு வந்தது. சடங்கு வாழ்த்து எதையும் வாசிக்கவில்லை. பாட்டுப் போட்டு நேரத்தை ஓட்டினோம். அன்றைய பேச்சுப் பொருள், பார்த்துப் பார்த்து நானே வைத்தது: நம் மக்கள் வாயைத் திறந்தால் யார் மூடுகிறார்கள்? அழைப்புகள் நன்றாக வந்துகொண்டிருந்தன. றொசல்லப் பக்கமிருந்து ஒரு தம்பி, ஆஸ்பத்திரியில் சிங்களம் தெரியாததால் தன் அம்மாவை டாக்டர் எல்லாருக்கும் கடைசியாகப் பார்த்த கதையைச் சொன்னார். அடுத்த அழைப்பை எடுத்தேன்.

“வணக்கம், எங்கேயிருந்து பேசுறீங்க?”

“நான் ஒரு தோட்டத் தொழிலாளி.”

பின்னால் ஸ்பீக்கர் சத்தம். என் குரலே அங்கே மண்டபத்தில் மோதித் திரும்பி வந்தது. அந்தப் பிள்ளையின் அப்பாதான்.

“இவ்வளவு நேரமா நீதி நியாயம்னு பேசுனீங்களே டீச்சர், நானும் ஒரு நியாயம் கேட்கிறேன். கடைக்காரருக்கு ஒண்ணு, தோட்டத்தானுக்கு ஒண்ணா? இங்க சொந்தக்காரங்க பூரா உட்கார்ந்திருக்காங்க. இன்னைக்கு என்னோட மகளுக்கு...”

அடுத்து அவள் பெயர் வரும். பள்ளிக்கூடத்தின் பெயர் வரும். நான் வாசிக்க மறுத்தது அத்தனையும் அவர் வாயாலேயே வரும், திங்கட்கிழமை பஸ்ஸிலும் வரும். வெட்டுங்கள் என்று ஒலி மேசை அண்ணனுக்குக் கைகாட்டினேன். அவர் கை அசையவில்லை. தோட்டத்து மனிதன் பேசும்போது நான் வெட்டச் சொல்வேன் என்று அவர் நினைத்துக்கூடப் பார்த்திருக்கமாட்டார். நானே எட்டிப்போய் அழைப்புக்கான குமிழைக் கீழே இழுத்துவிட்டேன்.

“இணைப்புத் துண்டிக்கப்பட்டுவிட்டது, நேயர்களே” என்றேன். அந்தப் பொய் எனக்கே கேவலமாக இருந்தது. துண்டித்தது யார் என்பது நேயர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பிறகு வந்த அழைப்பெல்லாம் எனக்கு அடிதான். “தோட்டத்தான் கேள்வி கேட்டா லைனை வெட்டுவீங்களா?” என்றார் ஒரு பெரியவர். “நீங்களும் ஆள் பார்த்துத்தான் பேசவிடுறீங்க” என்றாள் ஒரு பெண். நான் கொண்டுவந்த கேள்விக்கு நேயர்கள் என் பெயரையே பதிலாகச் சொன்னார்கள். வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தேன். வாயில்லாமல் நான் இருந்தது அன்றைக்கு ஒருநாள்தான் என்று எங்கள் வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

நிர்வாகக் குழு கூடியது. ஏன் வெட்டினாய் என்று கேட்டார்கள். என் முடிவு என்றேன். காரணம் கேட்டார்கள். இல்லை என்றேன். சடங்கு வாழ்த்தை இனி யாருக்கும் வாசிப்பதில்லை, முதலாளி மகளானாலும் தொழிலாளி மகளானாலும் ஒன்றுதான் என்று எழுதி ஒட்டச் சொன்னேன். அதற்குச் சம்மதித்தார்கள். கூடவே, “கொஞ்ச நாளைக்கு நீங்கள் ஓய்வெடுங்கள் டீச்சர்” என்று நாகரிகமாகச் சொல்லி நிகழ்ச்சியை வேறு ஒருவரிடம் கொடுத்தார்கள். மனசு கசந்துபோயிற்று. அந்தத் தகப்பன் மேல் கோபம் வரும், வந்த வேகத்தில் போய்விடும். அவர் கேட்டதில் என்ன பிழை? அந்த மனிதரின் பேச்சைப் பாதியில் நிறுத்தினேனே என்பது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. திரும்பவும் அந்த இடத்தில் உட்கார்ந்தால் திரும்பவும் நிறுத்துவேன். இரண்டும் உண்மை, இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சில வாரம் கழித்து ஒலி மேசை அண்ணன் என்னிடம், யாரோ ஒரு அம்மா உங்கள் நம்பரைக் கேட்டு நிலையத்துக்குப் போன் பண்ணுகிறார், உங்களிடம்தான் பேசுவாராம் என்றார். கொடுங்கள் என்றேன். சாயங்காலம் போன் வந்தது.

“டீச்சர், அன்னைக்கு வாசல்ல பேசாம நின்னேன்ல, அவளோட அம்மா.”

“நல்லா இருக்கீங்களா?” என்றேன்.

“இருக்கோம். அவரு இன்னும் உங்களைத் திட்டிக்கிட்டுத்தான் இருக்காரு. மனசுல வச்சிக்காதீங்க. அவருக்கும் ஒரு ஆசை இருந்துச்சில்ல.”

“அவர் திட்டட்டும்க்கா. பிள்ளை எப்படி இருக்கா?”

“பள்ளிக்கூடம் போறா. ஒருநாளும் நிக்கல. அவளுக்கு நம்பரை அமுக்கி, சேலைக்கு உள்ள போனைக் குடுத்தது நான்தான் டீச்சர்.”

அன்றைக்கு மாடியில் அவர் அப்படிக் கேட்டபோது நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று என் பழைய கோபத்தோடு கேட்டுவிட்டேன்.

“என்னன்னு சொல்றது டீச்சர்? எனக்குச் சடங்கு வச்சப்ப, எங்கப்பாவும் இவரு மாதிரிதான், ரொம்ப ஆசையா கோயில் ஸ்பீக்கர்ல சொல்ல வச்சாரு. நான் அதுக்கப்புறம் பள்ளிக்கூடம் போகவே இல்ல.”