அத்தையின் கெட்டி ஆயுசு

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்தே என் மாமியாரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டது. இளம் வயதிலேயே தாலி அறுத்தவர். பஞ்சாலையில் வேலை பார்த்து நான்கு பிள்ளைகளை ஆளாக்கினார். எந்த வீட்டில் பிரசவமோ சாவோ, முதலில் போய் நிற்பவர் அவர்தான். எனக்கு அவர் அத்தை. என் சொந்த அம்மாகூட என்னிடம் அவ்வளவு பிரியமாக இருந்ததில்லை.

தொண்ணூற்றொன்றில், காவிரிக் கலவரத்தில் தமிழர்களைத் தேடித் தேடி அடித்தபோது, ஒரு கும்பல் வந்து எங்கள் கதவைத் தட்டியது. அத்தையே திறந்தார். கைக்குழந்தையோடு நான் அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன். ஆலையில் பழகிய கன்னடம் அவருக்குத் தடுமாறாமல் வரும். நாங்கள் கோலார்ப் பக்கத்துக் கன்னடக்காரர்கள் என்றார். அப்படியானால் தமிழர் வீடு எது என்று ஒருவன் கேட்டான். அத்தை எதிரே இருந்த தையல்கடையை மோவாயால் காட்டினார்.

தையல்காரரின் வலது கையைக் கம்பியால் அடித்து நொறுக்கினார்கள். அந்தக் கை அதற்குப் பிறகு கத்தரிக்கோல் பிடிக்கவே இல்லை.

அன்று சாயங்காலமே அவர் மனைவியையும் பிள்ளைகளையும் அத்தை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தார். மாதக்கணக்கில் சோறு போட்டார். கடையைக் காட்டியதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

பல வருடம் கழித்து அத்தை பக்கவாதத்தில் படுத்தார். நான் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போய்விடுவதால், தையல்காரர் மனைவிதான் தினமும் மத்தியானம் வந்து கஞ்சி ஊட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம், "இந்தத் தெய்வம் இல்லேன்னா நாங்க அன்னிக்கே தெருவுல நின்னிருப்போம்" என்று கண் கலங்கினார்.

"தெய்வம்னு சொல்லாதே. உன் புருஷன் கடையைக் காட்டினதே நான்தான்" என்றார் அத்தை.

"என்ன பெரியம்மா, ஏதோ பேசுறீங்க?"

"தெளிவாத்தான் பேசுறேன். என் பேத்தி வீட்ல இருந்தா. இன்னிக்கு வந்து கேட்டாலும் காட்டுவேன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அத்தையின் வாயோரம் வழிந்த கஞ்சியை முந்தானையால் துடைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் வரவில்லை.

அத்தை மத்தியானமானால் வாசலையே பார்ப்பார். "வந்தாளா?" என்பார். பொறுக்க முடியாமல் ஒருநாள் நானே போய்க் கூப்பிட்டேன். அவர் கதவைப் பாதிதான் திறந்தார். "பெரியம்மா நூறு வயசு இப்படியே கிடக்கணும்னு தினம் வேண்டிக்கிறேன். போய்ச் சொல்லு."

"என்ன சொன்னா?" என்று அத்தை கேட்டார். மழுப்பினேன். விடவில்லை. சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் இருந்தார். முதுகெல்லாம் புண்ணாகி, பிள்ளைகளே எப்போது போவாரோ என்று முணுமுணுக்கும்வரை இருந்தார். போனபோது சந்தே திரண்டு வந்து அழுதது. பிணம் எடுக்கும்வரை எங்கள் சந்தில் யாரும் அடுப்புப் பற்றவைப்பதில்லை. எதிரே தையல்காரர் வீட்டிலிருந்து மட்டும் மீன் வறுக்கும் வாசனை வந்தது. சண்டைக்குக் கிளம்பிய என் கணவரின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.