புளியமரத்தடி முள்

"மங்கம்மாள், காலஞ்சென்ற வேடியப்பன் மனைவி, திடகாத்திரமானவர், முரட்டுச் சுபாவம் உடையவர், அடியாட்களைத் திரட்டி, குப்பன் என்பவரை ஆயுதமுனையில் சிறைவைத்தவர்."

1978இல் எழுதப்பட்ட புகார் அவளை இப்படித்தான் வருணிக்கிறது. ஆளோ, காற்று பலமாக அடித்தால் புடவையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டிய உருவம். அடியாள் என்று அவளிடம் இருந்தது ஒரு வெள்ளாடு, அதுவும் சினை.

மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் அவள் பேரில் பட்டா இருந்த நிலத்தின் ஓரத்தில் நின்றது அந்தப் புளியமரம். சாமை பொய்த்த வருஷங்களில் அவளுக்குச் சோறு போட்டது அதுதான். அடிவாரத்துப் புளி வியாபாரி ராஜேந்திரன் மரம் தன்னுடையது என்று சொல்லித் திரிந்தான். அன்று விடியலில் அவள் போனபோது பழம் உதிர்ந்து கிடந்தது, உலுக்கியவனைக் காணோம். மறுபடி வருவான் என்று நினைத்து, ஒரு முள்கிளையை வெட்டி மரத்தடியில் போட்டாள். அவர்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்: வழக்கு இருக்கிறது, ஊர்க்கவுண்டர் வந்து முள்ளை எடுக்கும்வரை யாரும் தாண்டக்கூடாது. போட்டவரே எடுத்தால், பாத்தியதையை விட்டுக்கொடுத்ததாகும்.

உலுக்கியவன் மேலேயே இருந்தான்.

"இன்னாக்கா, இப்டி பண்ட்ட?" என்று கிளைக்குள்ளிருந்து குரல் வந்தது. ராஜேந்திரன் கூலிக்கு அனுப்பிய உள்ளூர்க் குப்பன்.

"டேய், எறங்கி ஓட்றா!"

"முள்ளு கீதே. தாண்டுனா ஊர்ல எனக்குத் தண்ணி குடுப்பாங்களா? நீ எட்து போட்டுடு."

"எடுத்தா மரம் போய்டும்டா."

புளி திருட இடம் கொடுத்த மனசாட்சி முள்ளைத் தாண்ட இடம் கொடுக்கவில்லை. ஊர்க்கவுண்டர் அருணகிரியோ சந்தவாசலுக்குப் போயிருந்தார். பசிக்கிறது என்று குப்பன் முனகியபோது, அவன் இறக்கிய கயிற்றில் களித்தூக்கைக் கட்டி அனுப்பினாள்.

சேதி அடிவாரத்துக்கு எட்டி, உச்சிப்பொழுதில் ராஜேந்திரனின் ஜீப் வந்தது. உடன் வந்த கான்ஸ்டபிள் பஞ்சாட்சரம் சட்டம் தெரிந்தவர்.

"இதோ பாரும்மா. உன் நெலத்துல பூந்தவன வெளிய போன்னு சொல்லலாம். போவலன்னா, தேவையான அளவுக்குப் புடிச்சுத் தள்ளலாம். அடைச்சு வெக்கக் கூடாது. அது தனி கேஸ்."

"காலைலேர்ந்து போன்னுதாங்க சொல்றேன். போவ மாட்டேன்றான்."

பஞ்சாட்சரம் அண்ணாந்தார். "முள்ள நான் எடுத்துப் போடறேன், எறங்குடா."

"நீங்க எடுத்தா செல்லாதுங்க சாமி."

"நீயே எடுத்துடும்மா," என்றான் ராஜேந்திரன், ரொம்பப் பரிவாக. "பாவம் இல்ல அவன்?" முள்ளின் அர்த்தம் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"எடுக்கலன்னா நீ ஸ்டேஷனுக்கு வரணும்," என்றார் பஞ்சாட்சரம்.

எடுத்தால் மரம் போகும். எடுக்காவிட்டால் அவள் போக வேண்டும். மேலே இருந்தவனுக்காவது நிழல் இருந்தது. குனிந்தாள். கை முள்வரை போய் நின்றது. அதைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். ஆட்டைக் கட்டிப்போட்டுவிட்டு வந்தது பாதி மலை இறங்கியபின்தான் நினைவுக்கு வந்தது, யாரிடம் சொல்வது?

சாயங்காலம் அருணகிரி வந்து விசாரித்தார். யார் அனுப்பினார்கள் என்பதைக் குப்பன் ஊர் முன்னால் ஒப்புக்கொண்டான். மரம் மங்கம்மாளுடையது என்று சொல்லி அவர் முள்ளை எடுத்தார். ஊரில் வழக்கு அன்றே முடிந்தது. ராஜேந்திரன் எழுதிக்கொடுத்த புகார் கோர்ட்டில் முடியவில்லை, வாய்தாவுக்கு வாய்தா அவள் மலை இறங்கினாள், திடகாத்திரமான முரட்டுப் பெண்மணியாகக் கூண்டில் நின்றாள்.

அவள் செய்தது இதுதான்: தன் மரத்தடியில் ஒரு முள்கிளை போட்டாள், மேலே இருந்தவனை இறங்கிப் போகச் சொன்னாள், பசித்தபோது அவனுக்குக் களி கொடுத்தாள்.